ஏழு மாத முடி

இதோ இன்னொன்று. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், வயிறு முட்டக் குடித்துவிட்டு நகர முடியாமல் கிடக்கிறது. சீப்புக்கு வராது. கிள்ளி எடுத்தேன், இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து வலது நகத்தால் அழுத்தினேன், டிக்கென்று ஒரு சத்தம், ஒரு பொட்டு ரத்தம். குமட்டிக்கொண்டு வருகிறது. நைட்டியில் துடைக்க மனசில்லாமல் கீழே விரித்திருக்கும் செய்தித்தாளில் தேய்க்கிறேன், யாரோ ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கைகளின் மேல். இருபத்தேழு. எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷம். பத்தொன்பது வருடமாக லேபில் எண்ணுவதுதான் வேலை. கண்ணாடித் தகட்டில் ஊரார் ரத்தத்தையும் சளியையும் சீழையும் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒன்று இரண்டு என்று எண்ணுவது. மலத்தில் நெளியும் புழுவைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் தயிர்சாதம் சாப்பிட்டவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மூக்கைப் பொத்தினால் சிரிப்பேன், உடம்பு என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று பெரிய இவளாட்டம் பேசுவேன். அந்த நான், இந்த ஏழு வயதுப் பிள்ளையின் தலையைத் தொட்டும் தொடாமலும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலமாரியில் கையுறை ஒரு பெட்டி இருக்கிறது. எடுக்கலாமா என்று சற்றுமுன் எழுந்துகூடப் போனேன். இவள் வந்த முதல் வாரம் கையுறை போட்டுத்தான் குளிப்பாட்டினேன், சொறி இருக்கிறது, தொற்றிக்கொள்ளும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு. சொறி பத்து நாளில் ஆறிவிட்டது. கையுறை ஒரு மாதம் ஓடியது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கண்ணை மூடாமல் அந்த வெள்ளை ரப்பர் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இதை என் கணவர் மோகனிடம்கூட நான் சொன்னதில்லை. சீ. என்ன பிறவி நான். "தலையக் குனி." குனிகிறாள். குனி என்றால் குனிகிறாள், திரும்பு என்றால் திரும்புகிறாள், மற்ற பிள்ளைகள் மாதிரி ஒரு சிணுங்கல் கிடையாது, வலிக்குது என்று ஒரு சத்தம் கிடையாது. மடியில் அந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், யார் கல்யாணத்திலோ தேங்காய் போட்டுக் கொடுத்த பை. காலையிலிருந்து கீழே வைக்கவில்லை. உள்ளே என்ன குப்பையோ.

பால்கனியில் வெயில் சாய்ந்துவிட்டது, மணி மூன்றரை இருக்கும். ஹாலில் ஃபேன் ஓடுகிறது, முறுக்கு உடைபடுகிறது. முறுக்கைக் கடிக்கும் சத்தமும் நகத்தில் பேன் நசுங்கும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று இப்போது போய்ச் சொன்னால் எப்படியிருக்கும். "ஏம்மிணி வாணி, தீந்துதா?" மாமியார். "இல்லீங்க அத்தை." "நாளைக்கு மழிக்கத்தான போறோம், அதைய எதுக்கு இப்ப உக்காந்து நோண்டிக்கிட்டு?" அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, என் கணவரின் அக்கா இருக்கிறார், நங்கை என்று கூப்பிடுவேன், பொள்ளாச்சியிலிருந்து நேற்றே வந்துவிட்டவர். "இன்னிக்கு நாங்க இந்த ஊட்லதானம்மா படுக்கோணும். எங்க தலைல ஏறுச்சுன்னா? அவுங்க ஊர்ப் பேன் நம்ம ஊர் மருந்துக்குச் சாவுமா என்னமோ." சிரிப்பு. அவுங்க ஊர். எந்த ஊர் என்று கேட்டால் நங்கைக்குத் தெரியாது, ஒரிசா என்பார், சில நாள் அசாம் என்பார், எல்லாம் வடக்கேதானே. வந்ததிலிருந்து தனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி அதை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கிறார், குழந்தை உட்கார்ந்த சோபாவில் துண்டை விரித்துத்தான் உட்காருகிறார், அதை நான் பார்க்க வேண்டும் என்றும் பார்க்கக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் விரும்புகிற மாதிரி மெதுவாக விரிக்கிறார். அந்தத் துண்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் துண்டுக்கும் கையுறைக்கும் என்ன வித்தியாசம் வாணி, சொல்லு பார்ப்போம். துண்டாவது எல்லோருக்கும் தெரிகிறது.

புண்ணியம் பண்ணியிருக்கீங்க. அதைச் சொல்லாத ஆளில்லை. கீழ்வீட்டு டாக்டர், லேப் முதலாளி, பள்ளிக்கூடத்து ஆயா வரைக்கும். மோகன் அதைக் கேட்டுக் கூச்சப்படுகிற மாதிரி தலையைச் சாய்ப்பார் பாருங்கள், எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். பதினோரு வருடம் ஊசியும் மாத்திரையும் ஸ்கேனுமாக ஓடி அலுத்து, தத்தெடுக்கப் பட்டியலில் பெயரைப் பதிந்து நான்கு வருடம் காத்திருந்து, கைக்குழந்தை கிடைக்காது, பெரிய பிள்ளை என்றால் சீக்கிரம் என்றார்கள், சரி என்றோம். இதில் புண்ணியம் எங்கே வந்தது. கணினியில் ஒரு படம் வந்தது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சரியா இல்லையா சொல்ல வேண்டும். மொட்டைத் தலை, பெரிய கண், பெயர் சுக்ரி. வெள்ளிக்கிழமை பிறந்தவளாம், அங்கே மலைப் பக்கத்தில் கிழமையை வைத்தே பெயர் வைப்பார்களாம். நாங்கள் மகிழினி ஆக்கினோம். மோகனின் அக்கா மகள் ஏதோ புத்தகத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெயர். கூப்பிட்டால் இவள் திரும்புவதற்குள் ஒரு நொடி ஆகும், இன்றைக்கும் ஆகிறது. என்னை என்ன என்று கூப்பிடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோரும் வாணி வாணி என்கிறார்களே என்று அவளும் ஒருநாள் வாணி என்றாள். நங்கை வாயிலேயே ஒன்று போட்டார். அதற்குப் பிறகு எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் வந்து நிற்பாள், நான் திரும்பும்வரை நிற்பாள்.

முட்டை. அதை நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன், இந்த எண்ணெய் வாடையில் அது தானாக வருகிறது. மூன்று வாரம் முன்னால், மெத்தையைத் தூக்கினால் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பூஞ்சை பிடித்த சப்பாத்தி, உருட்டிக் காய்ந்த சோறு, ஓடு உரிக்காத அவித்த முட்டை இரண்டு. ஒன்று வெடித்து வழிந்து மெத்தையில் ஊறி, அதில் வெள்ளை வெள்ளையாக. நான் பார்த்த புழுக்களெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவை. இது நான் படுக்கும் அறைக்கு அடுத்த அறை. பாத்ரூமுக்கு ஓடிப் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். மூன்று வேளையும் தட்டு நிறையப் போடுகிறேனே, வீட்டில் சோற்றுக்கா பஞ்சம், எதற்குத் திருடி ஒளிக்கிறாள், எவ்வளவு செய்தாலும் இது ஒட்டாது போல, இப்படித்தான் ஓடியது புத்தி, நங்கையின் புத்தி தோற்றது. வாயைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தேன். எங்கள் விஷயத்தைப் பார்க்கும் அலுவலகத்துப் பெண், நல்ல மாதிரி. "மேடம், இன்னும் கோர்ட் ஆர்டர் வரலைல்ல, ஒருவேளை... ஒத்து வரலைன்னா, நடைமுறை என்னங்க?" "உங்களுக்குக் கேக்கறீங்களா மேடம், பொதுவாக் கேக்கறீங்களா?" "பொதுவாத்தாங்க." "திரும்ப ஒப்படைக்கலாம் மேடம். ஆனா குழந்தைக்கு அது..." மேலே கேட்காமல் வைத்துவிட்டேன். திரும்பினால் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நான் சாத்தினேனா, சாத்தவில்லையா. அவள் பால்கனியில்தான் இருந்தாள், எதிர் மரத்துக் கிளியைப் பார்த்துக்கொண்டு. பால்கனியிலிருந்து அந்தக் கதவு நாலு எட்டு. அவளுக்கு அப்போது அவ்வளவு தமிழ் தெரியாது. தெரியும், டிவி சீரியலைப் பார்த்து அழுகிற இடத்தில் அழுகிறாளே. ஒப்படைக்கறது என்கிற வார்த்தை தெரிந்திருக்காது. அந்த வார்த்தையைச் சொன்னது அந்தப் பெண், நான் சொல்லவில்லை, அது போனுக்குள் இருந்தது. நான் சொன்னது ஒத்து வரலைன்னா. அதுவும் தெரியாது. கதவைச் சாத்தினேனா. இருபத்தொரு நாளாக இந்தக் கதவைத்தான் மனசுக்குள் சாத்திச் சாத்திப் பார்க்கிறேன், அது ஒரு சாண் திறந்தே நிற்கிறது.

நாளைக்கு ஏழு மணிக்குக் கோயில். என் தம்பி மடியில் உட்கார வைத்து மொட்டை, காது குத்து, கிடாய் விருந்து, நூற்றைம்பது பேர். மோகன் சமையல்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார். முதலில் வேண்டாம் என்றுதான் இருந்தோம், ஏழு வயதில் எதற்கு என்று. அத்தைதான் பிடியாய் நின்றார், அவர் கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம். "அங்கத்த முடி அம்மிணி அது. அதோட என்ன பீடை, என்ன கண்ணு, யாரு கண்டா. அதைய எறக்கிப் போட்டுட்டா பழசு அதோட போயிரும். பொறவு மொளைக்கறது நம்ம ஊட்டு முடி. அப்பறம் நம்ம புள்ளைதான்." நானும் தலையாட்டினேன். எனக்குப் பீடையும் வேண்டாம் கண்ணும் வேண்டாம், பேன் தொலைந்தால் சரி. படித்தவள், சாமிக்கு நேர்ந்துகொள்ளாதவள், பேனுக்காகச் சாமியிடம் போகிறேன். திரும்பு. இந்தப் பக்கம். ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது, முடியின் அடியில், மணி கோத்தது போல, நகத்தால் உருவினால் வழுக்குகிறது. வேப்பெண்ணெய் நாற்றத்தோடு வேர்வை நாற்றம். இடது காதுக்கு மேலே சீப்பு எதிலோ தட்டுகிறது. விலக்கிப் பார்த்தால் ஒரு தழும்பு, வெள்ளையாக, ஒரு இஞ்ச் நீளம். இது எனக்குத் தெரியும். முதல்முதலில் அந்தக் குழந்தைகள் ஹோமின் வராந்தாவில் இவளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இந்த இடத்தில் காயாத ரத்தம் இருந்தது. முந்தின நாள் மொட்டை அடித்திருந்தார்கள், சுத்தமாக அனுப்ப வேண்டுமே என்று. பிளேடு கிழித்துவிட்டது என்று அங்கே பொறுப்பிலிருந்த அம்மா சிரித்துக்கொண்டே காட்டினார். தலை பளபளவென்று இருந்தது, ஈ உட்கார்ந்தால் வழுக்கும். ரயிலில் ஒன்றரை நாளும் அந்த மொட்டைத் தலையை நான் தொடவில்லை.

இரு. கொஞ்சம் இரு. மொட்டைத் தலை. மொட்டைத் தலையில் பேன் எப்படி வரும். கையிலிருந்த சீப்பு அப்படியே நிற்கிறது. ஏழு மாதம் முன்னால் இங்கே ஒரு மயிர் கிடையாது. இந்தக் காதளவு முடி, இது முழுக்க, நுனியிலிருந்து வேர் வரைக்கும், இந்த வடவள்ளியில், இந்த மூன்றாம் மாடியில், நான் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தது. இதில் அங்கத்த முடி எங்கே இருக்கிறது. பேனும் இங்கத்த பேன்தான், அக்மார்க் கோயமுத்தூர்ப் பேன். மே மாத லீவுக்கு நங்கையின் பேத்தி வந்து இருபது நாள் இவளோடு ஒரே தலையணையில் படுத்தாள், இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டே டிவி பார்த்தாள், வெயிலுக்கு வேர்க்குரு என்று நங்கை பவுடர் போட்டுவிட்டார். எண்ணுவது என் தொழில். மாதிரி எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது என்று பார்க்காமல் ஒரு முடிவும் எழுதக்கூடாது என்று புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். மூன்று மாதமாக எல்லோரும் அவுங்க ஊர்ப் பேன் என்கிறார்கள், நானும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசிக்கவில்லை. நம்பப் பிடித்திருந்தது. அழுக்கெல்லாம் அங்கிருந்து வந்தது என்றால் எவ்வளவு வசதி. நாளைக்கு நூற்றைம்பது பேர் கைதட்ட, எங்கள் வீட்டில் முளைத்ததை எங்கள் கையாலேயே வழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் இவள் நம்ம பிள்ளை என்று கறிச்சோறு சாப்பிடப் போகிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, வாந்தி வருகிற மாதிரியான சிரிப்பு. தோள் குலுங்கியது போல, அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையை, பிறகு தன் பையை. "முடிஞ்சுதா?" என்றாள். இன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல. என்ன வெச்சிருக்க அதுல?" கேட்டிருக்க வேண்டாம். அவள் மறைக்கவில்லை, பையை விரித்துக் காட்டினாள், ஸ்கூலில் டீச்சர் பையைச் சோதிக்கும்போது காட்டுவது போல. டூத்பிரஷ், ஜட்டி இரண்டு, பாதி பாக்கெட் பிஸ்கட், ஸ்கூல் அடையாள அட்டை, போன மாதம் நான் குப்பையில் போட்ட என்னுடைய உடைந்த கிளிப். குப்பையில் கையை விட்டு எடுத்திருக்கிறாள், சீ என்று வாயில் வந்துவிட்டது, விழுங்கினேன். "எதுக்கு இதெல்லாம்?" "நாளைக்கு மொட்டை." "ஆமா, மொட்டை. அதுக்கு?" அவள் எனக்குப் புரியாததைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். பெரியவர்களுக்குக்கூட இதைச் சொல்ல வேண்டுமா என்பது போல விரலை மடக்கிச் சொன்னாள். "அம்மா செத்துச்சு. மொட்டை. அப்பறம் மாமா வீடு. மாமா வீட்ல பேன். மொட்டை. அப்பறம் ஹோம்." மூன்றாவது விரல். "ஹோம்ல மொட்டை. ரயிலு. இங்க." நாலாவது விரலை மடக்காமல் என்னைப் பார்த்தாள். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற முகம். "நாளைக்கு மொட்டை. அப்பறம் எந்த வீடு?"

மூன்று மாதிரி, மூன்றிலும் ஒரே முடிவு. என்னைவிட ஒழுங்காகக் கணக்குப் பார்த்திருக்கிறாள். இல்லை கண்ணு, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மனசுக்குள் அந்தக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது, வாயை மூடிக்கொண்டேன். எந்த வாயால் சொல்வது. அந்த வாயால்தானே கேட்டேன், நடைமுறை என்னங்க என்று. அந்த முட்டை எதற்கு என்று இப்போது தெரிகிறது, அது வழிக்கு. அனுப்புகிறவர்கள் சோறு கட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை. தலை அரித்தது. ஒரு வாரமாகவே அரிக்கிறது, டென்ஷன், ஷாம்பு சரியில்லை, என்னென்னமோ சொல்லிக்கொண்டேன், யாரும் பார்க்காதபோது பேனாவை விட்டுச் சொறிந்தேன். இப்போது அவள் எதிரிலேயே கையை விட்டுப் பரட்டுப் பரட்டென்று சொறிகிறேன். அவள் பார்த்தாள். எழுந்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பினாள், ஏழு மாதத்தில் அவளாக என்னைத் தொட்டது இது முதல் தடவை, என் பின்னால் போய் நின்று கிளிப்பைக் கழற்றினாள். சின்ன விரல்கள், கெட்டிக்கார விரல்கள், யாரோ இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், யாருடைய தலையிலோ உட்கார்ந்து பழகியிருக்கிறாள். வகிடு பிரித்து, பொறுமையாக, ஒரு இழை ஒரு இழையாக. சுரீரென்று ஒரு முடி இழுபட்டது. "இங்க பாரு." என் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். கறுப்பாக, கொழுத்து, காலை உதைத்துக்கொண்டு. இவ்வளவு பெரிய ஒன்றை அவள் தலையில் நான் பார்க்கவில்லை. அதைத் தன் நகத்தில் வைத்து, உதட்டைக் குவித்து ஸ்ஸ் என்று மூச்சை இழுத்து, டிக். கிழவி மாதிரி. எனக்குக் குமட்டவில்லை. குமட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"உனக்கும் பேன்," என்றாள். "ம்." "அப்ப உனக்கும் மொட்டை." அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள், என் முகத்துக்கு நேரே குனிந்தாள், அந்தப் பெரிய கண் இரண்டும் விரிந்து, முன்பல் இல்லாத வாய் அகலத் திறந்து, இந்த முகத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. "நீயும் வர்றியா?" என்றாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பையை விரித்து பிஸ்கட்டை ஒரு ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினாள். "ஜட்டி எடுத்துக்கோ. அங்க தர மாட்டாங்க."

"எங்க போனாலும் நான் வருவேன் சுக்ரி," என்றேன். இந்தப் பெயருக்கு அவள் அந்த ஒரு நொடி எடுத்துக்கொள்ளவில்லை. "ஆனா நாம போகல. மொட்டையும் இல்ல." தலையை ஆட்டினாள். நம்பவில்லை, ஆட்டச் சொன்னால் ஆட்டுகிற ஆட்டல்தான் அது. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை, மூன்று தடவை பார்த்தவள். பையின் காதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மறுபடியும் என் பின்னால் போனாள். ஹாலிலிருந்து, "என்ன அம்மிணி, இன்னுமா முடியல?" "இல்லீங்க அத்தை. அவ எனக்குப் பாத்துட்டிருக்கறா." "உனக்கா? உனக்கு என்னத்தப் பாக்கறா?" "பேனுங்க. என்ற தலையிலயும் இருக்குது. நெறைய." நாற்காலி ஒன்று சரேலென்று பின்னுக்குப் போனது. "அய்ய, கருமமே!" நங்கை. முறுக்குத் தட்டு மூடப்பட்டது. "நாளைக்கு மொட்ட வேண்டாங்க அத்தை," என்று சத்தமாகவே சொன்னேன், கீழ்வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும். "இது அங்கத்த முடி இல்லீங்க. வந்தப்ப மொட்டையாத்தான வந்தா. மறந்துட்டீங்களா? இது பூராவும் நம்ம ஊட்ல மொளைச்சதுங்க." யாரோ எழுந்து இந்தப் பக்கம் நடந்து வருகிற சத்தம், அத்தையின் செருப்பு, பால்கனிக் கதவு வரை வந்து நின்றுவிட்டது. அவர் நிற்பது தெரிந்தது, திரும்பவில்லை. திரும்ப முடியாது, முடி அவள் கையில் இருக்கிறது. அவள் தேடத் தேட மஞ்சள் பை என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது.

"தலையக் குனி," என்றாள்.

குனிந்தேன்.